தரையோடு ஒட்டுவதா, தரைமேல் கிடப்பதா?

நான்கு சக்கரமும் நின்ற இடம்

கனடாவின் டொராண்டோ நகரிலும் அதைச் சுற்றியும், ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் தமிழர்கள் நிறைய வாழ்கிறார்கள். கார் நிற்பதற்கென்று கட்டிய கராஜ் அங்கே பல வீடுகளில் விருந்துச் சமையலுக்கும் இடம். அதனால் அதன் தரையைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அக்கறை உண்டு. வெறும் கான்கிரீட் தரை தூசி விடும். எண்ணெய்க் கறை பிடித்தால் போகாது. குளிர்காலத்தில் உப்பு பூத்து வெள்ளையடித்துக் கிடக்கும்.

கோடை வந்ததும் கடையில் பெட்டியாக விற்கும் எபாக்ஸி பூச்சை வாங்கி வந்து, தரையைக் கழுவி, உருளையால் பூசுகிறார்கள். வண்ணச் சில்லுகள் தூவிய சாம்பல் தரை பளபளவென்று கிடக்கிறது. சில மாதங்கள் கழித்து ஒருநாள் காலையில் காரை வெளியே எடுக்கும்போது, டயர் நின்ற இடத்தில் பூச்சு பெயர்ந்து டயரோடு ஒட்டிக்கொண்டு போகிறது. நான்கு டயருக்கு நான்கு சொட்டை. மற்ற இடமெல்லாம் புதிதாகவே இருக்கிறது. தினமும் ஆள் நடக்கும் வழி தேயவில்லை. கனமான இரும்பு அலமாரியின் கால் ஊன்றிய இடம்கூட உரியவில்லை. டயர் நின்ற இடம் மட்டும் ஏன்?

இப்படிக் கைசுட்டவர்கள் அடுத்துத் தேடிப்போவது ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓடுகளை. தமிழ்நாட்டில் இன்டர்லாக் டைல்ஸ் என்றால் வாசலில் பதிக்கும் பேவர் பிளாக் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது பிளாஸ்டிக் ஓடு. ஏறக்குறைய ஓரடிச் சதுரம், இரண்டு பக்கம் கொக்கி, இரண்டு பக்கம் வளையம். பசையும் சிமென்டும் வேண்டாம். தரைமேல் வைத்து மிதித்தால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

எது நல்லது என்று கடைக்காரரிடம் கேட்டால் அவர் விற்பதைச் சொல்வார். அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டியது கீழே கிடக்கும் கான்கிரீட்டிடம். இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்ல வருவது அதுதான்.

டயர் வைக்கும் சோதனை

1600 கிலோ எடையுள்ள காரில் ஒவ்வொரு டயரும் சுமார் 400 கிலோவைத் தாங்குகிறது. டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.3 கிலோ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு 175 சதுர செ.மீ. என்று வருகிறது. ஒரு விரித்த கையின் அளவு. சொட்டையின் அளவும் அதுவே.

ஆனால் எடை மட்டும் காரணமாக இருக்க முடியாது. அலமாரியின் சிறிய இரும்புக் காலுக்குக் கீழே அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. டயரிடம் இருந்து அலமாரியிடம் இல்லாத ஒன்று சூடு. நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயரின் ரப்பர் கோடையில் 50, 60 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்திருக்கும். பிளாஸ்டிக் வகைப் பொருள்களுக்கு ஒரு குறிப்பிட்ட வெப்பம் உண்டு. அதற்குக் கீழே கண்ணாடிபோல விறைப்பாக இருக்கும்; அதைத் தாண்டினால் உருகாது, ஆனால் ரப்பர்போல இளகிவிடும். இதை இளகுநிலை என்று அழைப்போம். சாதாரண அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸியின் இளகுநிலை பெரும்பாலும் 45 முதல் 60 டிகிரிக்குள். டயரின் சூடு அதே எல்லைக்குள் வந்து நிற்கிறது.

அது போதாதென்று, ரப்பரை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய்கள் டயரிலிருந்து மெல்லக் கசிந்து பூச்சுக்குள் இறங்கி அதை மேலும் இளக்குகின்றன. இரவெல்லாம் கார் நிற்கிறது. இளகிய பூச்சின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. ஆறும்போது ரப்பர் சுருங்குகிறது. தான் பிடித்த பூச்சையும் சேர்த்து இழுக்கிறது. காலையில் சக்கரம் உருளும்போது அந்தப் பிடி மேல்நோக்கிக் கிழிக்கிறது.

அப்படியானால் எபாக்ஸியே கராஜுக்கு ஆகாதா? கார் பழுதுபார்க்கும் கூடங்களில் நாள் முழுக்கச் சூடான டயர்கள் எபாக்ஸி தரையில்தான் ஏறி இறங்குகின்றன. அங்கே பல தரைகள் ஆண்டுக்கணக்கில் உரியாமல் கிடக்கின்றன. ஆகவே டயர் செய்வது ஒரு சோதனை. ஒட்டாமல் ஒட்டியதுபோல் கிடந்த பூச்சை அது இழுத்துக் காட்டிவிடுகிறது.

உரிந்த துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். அடியில் சாம்பல் நிறத் தூள் அப்பியிருந்தால், பூச்சு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, அது பிடித்திருந்த சிமென்ட் மேல்தோல்தான் பெயர்ந்தது என்று அர்த்தம். அடிப்பக்கம் சுத்தமாகப் பளபளவென்று இருந்தால், பூச்சு தரையைப் பிடிக்கவே இல்லை. எண்ணெய், ஈரம், முன்பு யாரோ பூசிய சீலர், இவற்றில் ஒன்று நடுவில் இருந்திருக்கிறது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் தண்ணீர்

ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போவோம். இரண்டு கார் நிற்கும் கராஜ், 6 மீட்டருக்கு 6 மீட்டர், மொத்தம் 36 சதுர மீட்டர். தரை 10 செ.மீ. கனம். அப்படியானால் 3.6 கன மீட்டர் கான்கிரீட்.

ஒரு கன மீட்டருக்கு 300 கிலோ சிமென்டும் சுமார் 165 லிட்டர் தண்ணீரும் சேர்த்ததாக வைத்துக்கொண்டால், இந்தத் தரைக்குள் போன தண்ணீர் ஏறக்குறைய 600 லிட்டர். சிமென்ட் தன் எடையில் கிட்டத்தட்ட கால் பங்குத் தண்ணீரைத்தான் வேதிவினையில் சேர்த்துக்கொள்கிறது. இங்கே அது 270 லிட்டர். மீதி 330 லிட்டர் கலவை இளகலாக ஓடுவதற்காக ஊற்றியது. அதில் ஒரு பகுதி மிக நுண்ணிய துளைகளில் சிக்கிக்கொள்ளும். மற்றது வெளியேற வேண்டும். கீழே மண், சுற்றிலும் சுவர். போகக்கூடிய திசை மேல்நோக்கி ஒன்றுதான்.

போகும் தண்ணீர் தன் பாதையை அழித்துவிட்டுப் போவதில்லை. முடியைவிடப் பல மடங்கு மெல்லிய துளைகள் கான்கிரீட் முழுக்க ஒன்றோடொன்று இணைந்து நிற்கின்றன. அகல்விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல இந்தத் துளைகள் கீழேயுள்ள மண்ணின் ஈரத்தை இழுக்கின்றன. தரை போடும்போது மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே தடித்த பாலித்தீன் விரிப்பு போட்டிருந்தால் இந்த ஓட்டம் நின்றுவிடும். பழைய கராஜ்களில் பெரும்பாலும் அந்த விரிப்பு இல்லை. விரிப்பு இல்லாத தரை நாற்பது வருடமானாலும் உள்ளே ஈரமாகவே இருக்கக்கூடும். "பழைய தரை, எப்போதோ காய்ந்திருக்கும்" என்ற நம்பிக்கை விரிப்புள்ள தரைக்கு மட்டுமே பொருந்தும்.

புதுத் தரைக்குக் கட்டடத் துறையில் ஒரு கைக்கணக்கு உண்டு: 2.5 செ.மீ. கனம் காய ஒரு மாதம். நம் 10 செ.மீ. தரைக்கு நான்கு மாதம். மழைக்காலமோ குளிர்காலமோ நடுவில் வந்தால் இன்னும் கூடும்.

நாளுக்கு அரை லிட்டர்

தரையிலிருந்து எழும் ஈரத்தை அளக்க ஒரு பழைய முறை இருக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு உப்பைச் சிறு தட்டில் வைத்து எடை போடுகிறார்கள். கான்கிரீட்மேல் தட்டை வைத்து, அதன்மேல் ஒளிபுகும் மூடியைக் காற்றுப் போகாமல் கவிழ்த்து ஒட்டிவிடுகிறார்கள். 60 முதல் 72 மணி நேரம் கழித்து எடுத்து மறுபடி எடை போட்டால், கூடிய எடைதான் அந்தத் துண்டுத் தரை விட்ட நீராவி.

அமெரிக்கப் பூச்சு நிறுவனங்கள் பல நெடுங்காலமாக வைத்திருந்த வரம்பு, 1000 சதுர அடிக்கு ஒரு நாளில் 3 பவுண்டு. அதை நம் கணக்கில் மாற்றுவோம். 3 பவுண்டு என்பது 1360 கிராம். 1000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 14.6 கிராம். நம் கராஜின் 36 சதுர மீட்டருக்கு 526 கிராம், அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகம்.

இது 'பூசலாம்' என்று சொல்லும் தரையின் உச்ச அளவு என்பதை மறக்கக் கூடாது. தினமும் அரை லிட்டர் தண்ணீர் அந்தத் தரை வழியாக மேலே வந்தும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. வந்த வேகத்தில் காற்றில் கலந்துவிடுவதால் தரை காய்ந்தே தெரிகிறது. அதன்மேல் எபாக்ஸியைப் பூசினால் அந்த அரை லிட்டருக்கு வழி அடைபடுகிறது. மூடிய அன்றே பூச்சைத் தூக்கிவிடும் வேகம் நீராவிக்கு இல்லை. அது பூச்சின் அடியில் தங்கித் தண்ணீராகிறது. சிமென்டில் உள்ள சுண்ணாம்பும் காரங்களும் கரைந்து, அந்தத் தண்ணீர் கடும் காரநீராக மாறி, ஒட்டிய இடத்தை நாள்தோறும் அரிக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனையும் உண்டு. 45 செ.மீ. சதுரத்துக்கு ஒளிபுகும் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளியோ தரையில் கருத்த திட்டோ தெரிந்தால், பூச்சு வேலை அன்றைக்கு நிறுத்தம். ஆனால் ஒன்றும் தெரியாவிட்டால் தரை காய்ந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட முடியாது. உள்ளே ஆழத்தில் இருக்கும் ஈரம் ஒரு நாளில் மேலே வந்து சேராது. அதற்காகவே இப்போது தரையில் துளையிட்டு, கனத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஆழத்தில் ஈரப்பதக் கருவியை இறக்கி அளக்கிறார்கள். பெரிய செலவில் பூசப்போகிறவர் இந்த அளவீட்டைக் கேட்டு வாங்குவது நியாயம்.

இரண்டு டியூப்

1930-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்தான் என்ற வேதியியலாளர் பொய்ப்பல் கட்டுவதற்கு ஏற்ற பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். அச்சில் ஊற்றினால் சுருங்காமல் இறுக வேண்டும் என்பது அவருக்கு வேண்டியது. அவர் கண்ட எபாக்ஸி ரெசின் பல் மருத்துவத்தில் பெரிதாக எடுபடவில்லை. சிபா நிறுவனம் அந்த உரிமையை வாங்கி, 1946-இல் அரால்டைட் என்ற பெயரில் பசையாகக் கொண்டுவந்தது. நம் வீட்டு அலமாரிகளில் இன்றும் கிடக்கும் அந்த இரண்டு டியூப்தான் கராஜ் தரைப் பூச்சின் மூத்த உறவு.

ஒரு டியூபில் ரெசின், மற்றதில் ஹார்டனர். பெயின்ட் காய்வது அதிலுள்ள நீரோ தின்னரோ ஆவியாகிப் போவதால். எபாக்ஸி அப்படிக் காய்வதில்லை. இரண்டு திரவத்தின் மூலக்கூறுகளும் கைகோத்து வலையாகப் பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னல் முடிந்தபின் பெட்ரோலும் பிரேக் எண்ணெயும் அதை எளிதில் கரைப்பதில்லை.

பின்னும்போது சூடு பிறக்கிறது. கலந்த எபாக்ஸியை வாளியிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், சூடு வெளியேற வழியில்லாமல் பின்னல் வேகமெடுத்து, வாளி புகைவிடும் அளவுக்குக் காயும். தரையில் ஊற்றிப் பரப்பிவிட்டால் சூடு பரவிப் போய்விடும், வேலை செய்ய நேரமும் கிடைக்கும்.

பெட்டியில் விற்கும் மலிவான வகை பெரும்பாலும் நீரில் கலந்தது. அதில் ஏறக்குறைய பாதி ஆவியாகிப் போகும்; மிஞ்சும் படலம் ஒரு தலைமுடியின் கனம். தொழில்முறையில் பூசுவது ஆவியாகும் பகுதியே இல்லாத வகை. ஒரே பூச்சில் கால் மில்லிமீட்டர் நிற்கும். இரண்டுக்கும் எபாக்ஸி என்றே பெயர். ஒன்றின் அனுபவத்தை வைத்து மற்றதைப் பழிப்பதும் புகழ்வதும் இந்தப் பொதுப்பெயரால் வரும் குழப்பம்.

குளிர் எபாக்ஸிக்கு ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே பல வகைகளில் பின்னல் தயங்கி நிற்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் ஹார்டனர், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடும் நீராவியோடும் சேர்ந்து மேலே மெழுகுபோன்ற படலத்தை உண்டாக்கும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் இரண்டு பூச்சுக்கும் நடுவில் ஒட்டு இருக்காது. காற்றிலுள்ள நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். தரையின் வெப்பம் அதைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்கும்போதுதான் பூச வேண்டும்.

அனுபவமுள்ளவர்கள் முதல் பூச்சை மாலையில் போட விரும்புவார்கள். காலையில் தரை சூடேறும்போது துளைகளிலுள்ள காற்று விரிந்து, ஈரமான பூச்சுக்குள் குமிழியாகப் புறப்படும். மாலையில் தரை ஆறும்போது அதே காற்று சுருங்கி, பூச்சைத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். ஒரே பொருள், ஒரே தரை, ஒரே கை. நேரம் மாறினால் ஒட்டும் மாறுகிறது.

கொப்புளத்துக்குள் என்ன இருக்கிறது

சில தரைகளில் எல்லாம் சரியாக நடந்து, பல மாதம் கழித்துக் கொப்புளம் எழும். ஊசியால் குத்தினால் பிசுபிசுப்பான திரவம் பீறிட்டு வரும். நீராவிதான் அழுத்துகிறது என்றால் உள்ளே இவ்வளவு அழுத்தத்தோடு திரவம் எப்படி வந்தது?

பள்ளியில் படித்த சவ்வூடு பரவல் இங்கே வேலை செய்கிறது. உப்பு குறைந்த நீர், நுண்ணிய சவ்வைக் கடந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குப் போகும். கான்கிரீட்டின் அடர்ந்த மேற்பகுதி ஒரு சவ்வாக நடந்துகொள்கிறது. பூச்சின் அடியில் ஏதோ ஓர் இடத்தில் கரையும் பொருள் கொஞ்சம் தங்கிவிட்டால் போதும்: சரியாகக் கலக்காததால் பின்னலில் சேராமல் விடுபட்ட ஹார்டனர், அமிலத்தால் கழுவியபின் அலசாமல் விட்ட உப்பு, சிமென்டின் காரம். கீழிருந்து ஏறக்குறைய சுத்தமான நீர் அந்த இடத்தை நோக்கி ஊறிக்கொண்டே இருக்கும். வந்தது திரும்பிப் போகாது. பூச்சின் ஒட்டு தோற்கும்வரை அழுத்தம் ஏறும்.

சிமென்ட் பால்

உரிந்த துண்டின் அடியில் அப்பியிருந்த சாம்பல் தூளுக்கு வருவோம். கான்கிரீட் போட்டு மட்டம் தட்டும்போது தண்ணீரும் நுண்ணிய சிமென்டும் மேலே மிதந்து வரும். அந்தச் சிமென்ட் பால் காய்ந்து, மிக மெல்லிய, வலுவில்லாத தோலாகிறது. கையால் தேய்த்தால் மாவாக வருவது அதுதான். எவ்வளவு உயர்ந்த எபாக்ஸியானாலும் அந்தத் தோலின் பலமே அதன் பலம்.

அதை எடுக்கப் பெட்டி வகைகளோடு ஓர் அமிலம் கொடுப்பதுண்டு. மியூரியாடிக் அமிலமும் பயன்படுத்துகிறார்கள். அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கும். ஆனால் எண்ணெய் பட்ட இடத்தை அது தொடுவதே இல்லை. தரையைத் தண்ணீரில் ஊறவைக்கிறது. மியூரியாடிக் அமிலமானால், சரியாக அலசாவிட்டால் கால்சியம் குளோரைடை விட்டுச் செல்கிறது. ஈரத்தை அளக்கத் தட்டில் வைத்த அதே உப்பு இப்போது பூச்சின் அடியில்! என் கருத்தில் காரோடும் தரைக்கு அமிலம் போதாது. வைரத் துகள் பதித்த தட்டால் அரைத்து, தூசியை உறிஞ்சி எடுப்பதே முறை. வாடகைக்கு இயந்திரம் கிடைக்கிறது. நல்ல பூச்சு வேலையில் நேரமும் செலவும் பெரும்பாலும் இங்கேதான் போகும்.

அரைத்த பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். உடனே உறிஞ்சிக்கொண்டால் துளைகள் திறந்திருக்கின்றன. முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய சீலரோ இன்னும் இருக்கிறது. இப்படித் தயாரித்த தரையில் ஒட்டிய எபாக்ஸியைக் கருவி கொண்டு இழுத்தால், சதுர செ.மீ.க்கு 14 கிலோவுக்கு மேல் இழுத்தபின் கான்கிரீட்தான் பெயர்ந்து வரும், ஒட்டு விடாது. அங்கே டயரின் பிடி ஒன்றும் செய்ய முடியாது.

ஒட்டாமல் கிடப்பதன் லாபமும் விலையும்

ஓடு இத்தனை தொல்லையையும் ஒரே அடியில் தாண்டிவிடுகிறது. அது எதையும் பிடிக்கவில்லை. ஆகவே அதை எதுவும் பிடுங்க முடியாது. எண்ணெய்க் கறை, சிமென்ட் பால், வெடிப்பு, காரநீர் எதுவும் அதற்குப் பொருட்டல்ல. அடியில் கால்கள் வைத்த ஓட்டில் ஓட்டுக்கும் தரைக்கும் நடுவே காற்று நடமாடும். நாளுக்கு அரை லிட்டர் எழுந்தாலும் இடுக்குகள் வழியாகப் போய்விடும்.

ஆனால் ஒட்டாத பொருள் தன் இஷ்டத்துக்கு விரியும். கராஜ் ஓடுகள் பல பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு அது சுமார் 0.1 மி.மீ. நீளும். கான்கிரீட் நீள்வது அதில் பத்தில் ஒரு பங்கு. டொராண்டோவில் சூடேற்றாத கராஜ் குளிர்காலத்தில் -20 வரை இறங்கலாம். கோடையில் 30-ஐத் தொடும். ஐம்பது டிகிரி வித்தியாசம். 6 மீட்டர் வரிசைக்கு 6 × 50 × 0.1 என்று பெருக்கினால் 30 மி.மீ. கான்கிரீட் 3 மி.மீ. நகரும்போது அதன்மேல் கிடக்கும் ஓட்டு வரிசை 3 செ.மீ. நகர்கிறது.

பிப்ரவரியில் சுவருக்குச் சுவர் இறுக்கமாகப் போட்டவருக்கு ஜூலையில் தரை நடுவில் முதுகு தூக்கும். இரண்டு காரும் தம் எடையால் ஓடுகளை அழுத்தி நிறுத்திவிடுவதால், விரிவதற்கு மிஞ்சிய இடம் கார்களுக்கு நடுவிலுள்ள நடைபாதைதான். 15 டிகிரியில் போடுகிறவர் கோடை உச்சமாக 35-ஐ வைத்துக்கொண்டால் 6 × 20 × 0.1, அதாவது 12 மி.மீ. வழி விட வேண்டும். கதவருகே வெயில் படும் வரிசை இன்னும் சூடேறும் என்பதால், ஒவ்வொரு சுவரோரமும் ஒரு சென்டிமீட்டர் விடுவது பாதுகாப்பு. எபாக்ஸியும் கான்கிரீட்டைவிட அதிகம் விரியும் பொருள்தான். ஆனால் அது மெல்லிய படலம், நகர விடாமல் கான்கிரீட் பிடித்துவைத்திருக்கிறது. அந்த இழுபறி முழுவதையும் ஒட்டு தாங்குகிறது.

பி.வி.சி.யில் செய்த ஓடு மிருதுவானது, நடந்தால் சத்தம் வராது. பாலிபுரொப்பிலீன் ஓடு காலடியில் டக் டக் என்று ஒலிக்கும். ஆனால் பி.வி.சி.யில் டயர் நின்ற இடம் பழுப்பாகக் கறைபடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஓசோன் தாக்கி வெடிக்காமல் இருக்க ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருள்கள் டயரிலிருந்து பிளாஸ்டிக்குக்குள் குடியேறுகின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று 6பிபிடி. இந்தப் பொருள் சிதைந்து உண்டாகும் சேர்மம்தான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு காட்டியது. கராஜில் அழகைக் கெடுக்கும் கறை, மழைநீரோடு ஓடைக்குப் போனால் உயிரை எடுக்கிறது. டயர் கழுவிய நீர் எங்கே வடிகிறது என்று கவனிக்க இது போதுமான காரணம்.

ஜாக் வைத்துக் காரைத் தூக்குகிறவர்கள் ஓட்டின்மேல் தடித்த பலகை வைக்க வேண்டும். ஜாக் தாங்கியின் கூரிய கால் ஓட்டைப் பொத்துவிடும். பெட்ரோல் சிந்தினால் இடுக்கு வழியாக அடியில் இறங்கி அங்கேயே ஆவி விடும். வெல்டிங் செய்கிற கராஜுக்கு நான் ஓட்டைச் சொல்ல மாட்டேன்.

உப்பு

கனடாவில் தரைக்குப் பெரிய எதிரி சாலை உப்பு. பனி உருகுவதற்காகத் தூவும் உப்பு, சக்கரத்தின் மேல்வளைவில் பனிக்கட்டியோடு அப்பிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. இரவில் உருகிச் சொட்டுகிறது. கான்கிரீட்டின் துளையில் புகுந்த உப்புநீர் உறைவதும் உருகுவதுமாக மாறி மாறி நடக்க, மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்கிறது.

இங்கே இரண்டு வழிக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஒட்டிய எபாக்ஸி உப்புநீரைக் கான்கிரீட்டைத் தொடவே விடாது. ஓட்டுத் தரை நீர்புகாத் தரை அல்ல. பூட்டுகளின் இடுக்கில் உப்புநீர் இறங்கும். மேலே தரை காய்ந்து அழகாக இருக்கும்போது, அடியில் கான்கிரீட் உப்புநீரில் நனைந்து கிடக்கும். மேலே தெரியாததால் யாரும் கழுவுவதும் இல்லை. தரைக்குச் சரியான சாய்வு இருந்து, ஓட்டின் அடியில் நீரோட வழியும் இருந்தால் பெரும்பகுதி வெளியே வடியும். சாய்வு இல்லாவிட்டால் தேங்கும்.

சென்னையில் கணக்கு மாறும்

அடுக்குமாடி வீடுகளின் தூண் தளத்தில் கார் நிறுத்தும் சென்னையில் உறைபனியும் இல்லை, சாலை உப்பும் இல்லை. வெப்ப வித்தியாசம் 20 டிகிரி என்று கொண்டால் 6 மீட்டர் ஓட்டு வரிசை 12 மி.மீ. நகரும். ஆனால் மே மாதத்து டயரின் சூடு எபாக்ஸியின் இளகுநிலையை இன்னும் எளிதாகத் தொடும். வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்க வேண்டும். 35 டிகிரியில் கலந்த எபாக்ஸி, டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தைவிட வெகு சீக்கிரம் இறுகும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலே ஏறி, காற்றும் ஈரத்தால் கனத்திருக்கும்போது பூசவே கூடாது. வெயில் நேரே விழும் திறந்த இடமானால் சாதாரண எபாக்ஸி மஞ்சளித்து மாவு விடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலியூரித்தேன் மேல்பூச்சு வேண்டும்.

நம் 36 சதுர மீட்டருக்கு

நம் எடுத்துக்காட்டுக் கராஜ், அடியில் பாலித்தீன் விரித்துச் சமீபத்தில் கட்டியது என்றும், துளையிட்டு அளந்ததில் காய்ந்திருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். நான் தயங்காமல் எபாக்ஸியைச் சொல்வேன்: அரைத்த தரையில், ஆவியாகும் பகுதி இல்லாத வகை, கதவோரம் மஞ்சளிக்காமல் இருக்க மேல்பூச்சோடு. உப்பிலிருந்து கான்கிரீட்டைக் காப்பது அதுதான். ஈரத் தரையில் சறுக்காமல் இருக்க மேல்பூச்சில் நுண்மணல் கலக்கச் சொல்ல வேண்டும். காரை ஏற்றும் முன் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். மேலே கெட்டியாகத் தெரிந்த பிறகும் உள்ளே பின்னல் நடந்துகொண்டிருக்கும், இளகுநிலையும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.

அதே அளவுக் கராஜ் நாற்பது வருடப் பழையது, விரிப்பு இல்லை, பாலித்தீன் தாளின் அடியில் துளி நின்றது என்றால், மலிவான பெட்டியை வாங்கிப் பூசுவது பணத்தைத் தரையில் உரசி எறிவது. ஈரத்தைத் தாங்கும் தனி எபாக்ஸி முதற்பூச்சு இருக்கிறது. அதைத் தேர்ந்தவர்கள் பூச வேண்டும், செலவும் கூடும். அந்தச் செலவு முடியாதென்றால் அடியில் கால் வைத்த, துளையுள்ள பாலிபுரொப்பிலீன் ஓடு. கதவின் நடுவிலிருந்து கோட்டைப் பிடித்து உள்நோக்கி அடுக்கி, சுவரோரம் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். ஏப்ரலில் பனி ஓய்ந்ததும் டயர் நிற்கும் வரிசைகளைக் கொக்கி கழற்றித் தூக்கி, அடியிலுள்ள உப்பைக் குழாய்நீரால் அலசி, தரை காய்ந்தபின் திரும்பப் பூட்ட வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை.